பழைய கேக்டஸ் தாறுமாறா வளர்ந்துடுச்சா? வெச்சுக்கறதா, வெட்டி புதுசா போடறதா, அறிகுறி பாத்து முடிவு பண்ணுங்க

மாடி மூலைல பத்து பதினஞ்சு வருஷமா நிக்கற தூண் கேக்டஸ் இருக்கே, அது ஒரு கட்டத்துல ஆளுயரத்த தாண்டிடும், நாலஞ்சு கிளை கண்ட பக்கம் போகும், அடி பழுப்பாகும், தொட்டி விரிசல் விடும், அப்பதான் வீட்ல பஞ்சாயத்து ஆரம்பிக்கும். ஒருத்தர் வெட்டிடும்பாங்க, ஒருத்தர் அப்பா வெச்ச செடி தொடாதம்பாங்க, இன்னொருத்தர் முள்ளுச்செடியே வீட்ல ஆகாதும்பாங்க (அவங்களுக்கு என்கிட்ட பதில் கிடையாது).

நான் சொல்றது ஒண்ணுதான், செடி அசிங்கமா இருக்கறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, அடியையும் வேரையும் பாத்து முடிவு பண்ணுங்க. அடி கெட்டியா இருந்தா அவசரமே இல்ல, நல்ல சீசன் வர்ற வரைக்கும் காத்திருந்து நிதானமா பண்ணலாம், பண்ணாமயும் விடலாம். அடி அழுக ஆரம்பிச்சிருந்தா சீசன்லாம் பாக்கக் கூடாது, ஐப்பசி அடைமழையா இருந்தாலும் இன்னிக்கே கத்தி எடுக்கணும். அப்புறம் இன்னொரு விஷயம், கட்டிங்ல இருந்து வர்றது அதே செடிதான், மரபணு வரைக்கும் அதே. அதனால அப்பா வெச்ச செடின்னா அத வெட்டி வளக்கறதும் அப்பா வெச்ச செடிய வெச்சுக்கறதுதான், மனசு கஷ்டப்பட வேணாம்.

இங்க பெரும்பாலும் நான் பேசறது செரியஸ் வகை, அதாவது நம்ம ஊர்ல காம்பவுண்டு ஓரமா நிக்கற, அஞ்சு ஆறு விளிம்பு வெச்ச பச்சைத் தூண். மத்ததையும் அங்கங்க சொல்றேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: இது கேக்டஸ் தானா?

ஒரு ஊசி எடுத்து லேசா குத்திப் பாருங்க. வெள்ளையா பால் வழிஞ்சா அது பெரும்பாலும் கேக்டஸ் இல்ல, யூஃபோர்பியா குடும்பம், நம்ம சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி சொந்தக்காரங்க. நர்சரில கேக்டஸ்னு சொல்லி விக்கற மூணு விளிம்பு, சின்ன சின்ன இலை வெச்ச அந்த உயரமான செடியும் இந்த கோஷ்டிதான். இன்னொரு அடையாளம், கேக்டஸ்ல முள்ளு ஒரு குட்டி பஞ்சு மெத்தைல இருந்து கொத்தா வரும், யூஃபோர்பியால அந்த மெத்தை இருக்காது, முள்ளு அனேகமா ஜோடி ஜோடியா இருக்கும். (உருண்டையா இருக்கற மம்மிலேரியால சில வகைக்கும் பால் வரும், அது கேக்டஸ் தான், கொழப்பிக்காதீங்க.)

இத ஏன் முதல்ல சொல்றேன்னா அந்தப் பால் கண்ணுல பட்டா சாதாரண விஷயம் இல்ல, கண்ணு வெந்து போற அளவு எரியும், உடனே நிறைய தண்ணி விட்டுக் கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடணும். யூஃபோர்பியாவ வெட்டறதா இருந்தா கண்ணாடி, கிளவுஸ் கட்டாயம், புள்ளைங்கள கிட்ட விடாதீங்க, வெட்டுன இடத்துல தண்ணி ஊத்துனா பால் நிக்கும். மத்தபடி காயவெச்சு நடற முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

அடிப்பக்கம் பழுப்பாகி சொரசொரன்னு ஆயிடுச்சு

நூத்துக்கு தொண்ணூறு பேர் பயப்படறது இதுக்குத்தான், பயப்பட வேண்டியதே இல்லாததும் இதுதான். வயசானா தூண் கேக்டஸ் அடிலருந்து மேல நோக்கி பட்டை கட்டும், உள்ளயும் மரமா மாறும், இல்லன்னா ஆறடி உயரத்த அது எப்படி தாங்கும்? கட்டை விரலால நல்லா அழுத்திப் பாருங்க. கல்லு மாதிரி கெட்டியா, காஞ்சு இருக்கு, வாடை இல்ல, பழுப்பு கீழ அடர்த்தியா இருந்து மேல போகப் போக கொறையுதுன்னா அது வெறும் வயசு. விட்டுடுங்க. வெட்ட வேணாம், மருந்து வேணாம், கீறி உள்ள என்னன்னு பாக்கவும் வேணாம், கீறுனீங்கன்னா அந்த ஓட்டைதான் அடுத்த மழைல அழுகறதுக்கு வாசல்.

ஆனா பழுப்பு மேல நுனில இருந்து ஆரம்பிச்சா கதை வேற. குருத்துப் பக்கம் துரு புடிச்ச கலர்ல சொரசொரப்பா வந்தா அனேகமா செஞ்சிலந்தி வேலை, கோடைல காத்தோட்டம் இல்லாத பால்கனில நிறைய வரும். வேப்பெண்ணெய கொஞ்சம் சோப்பு தண்ணில கலந்து சாயங்காலமா அடிங்க, வெயில்ல அடிச்சா தோல் பொசுங்கும், வாரம் ஒரு தடவைன்னு மூணு நாலு வாரம் அடிங்க. வந்த தழும்பு போகாது, புதுசா வர்ற வளர்ச்சி பச்சையா வந்தா ஜெயிச்சாச்சு.

ஒரு பக்கம் மட்டும், குறிப்பா மேற்கு பாத்த பக்கம், வெளிறி மஞ்சளாகி அப்புறம் பழுப்பாகி காஞ்சிருந்தா அது வெயில் கருக்கல். செடிய திருப்பி வெச்சா, இல்ல நிழல்ல இருந்தத திடீர்னு மொட்டை வெயிலுக்கு தூக்கிட்டுப் போனா வரும். அதுவும் தழும்புதான், அதுக்காக வெட்டாதீங்க.

அடி கொழகொழன்னு இருக்கு, கருப்பா ஈரமா கசியுது, நாத்தம் வருது

இதான் எமர்ஜென்சி. இங்க வெச்சுக்கறதா வேணாமாங்கற கேள்வியே இல்ல, அடி போயிடுச்சு, மேல இருக்கறத காப்பாத்தறதுதான் வேலை. இதுல ஏமாத்தற விஷயம் என்னன்னா, பழைய தூணுக்கு நடுவுல மரத்தண்டு இருக்கறதால சுத்தி சதை பூரா அழுகுனாலும் செடி நேரா நிக்கும், மேல பச்சையா ஜம்முனு இருக்கும், ஒரு நாள் காத்தடிக்கும்போதுதான் மொத்தமா விழும். அதனால மழைக்காலம் முடியற வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவ அடிய அமுக்கிப் பாக்கறது நல்ல பழக்கம்.

வெட்டறதுக்கு முன்னாடி மேல்பக்கத்த கட்டிடுங்க. பழைய சாக்கு, கார்பெட் துண்டு, நியூஸ்பேப்பர நாலஞ்சு மடிப்பு மடிச்சு பட்டை மாதிரி சுத்திக்கிட்டது, எதாச்சும் ஒண்ணு வெச்சு புடிங்க, ஒரு ஆள் மேல புடிக்கணும் ஒரு ஆள் வெட்டணும். தண்ணி நெறஞ்ச தூண் அது, பாக்கறத விட வெயிட் ஜாஸ்தி, அஞ்சடி உயரத்துக்கு மேல இருந்தா தனியா முயற்சி பண்ணாதீங்க, மேலருந்து ரெண்டு மூணு துண்டா எறக்குங்க. சின்னதுக்கு பழம் வெட்டற கத்தி போதும், மரம் கட்டுன தண்டுக்கு ரம்பமோ ஹேக்ஸா பிளேடோ வேணும். பிளேட சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல துடைச்சுக்கோங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்பத் துடைக்கணும், இத சோம்பேறித்தனமா விட்டா நீங்களே அழுகல நல்ல சதைல தடவி விடற மாதிரி ஆயிடும்.

கெட்டுப்போன இடத்துக்கு நாலு விரக்கடை மேல முதல் வெட்டு. வெட்டுன முகத்த நல்ல வெளிச்சத்துல பாருங்க. நடுவுல ஒரு வளையம் தெரியும், தண்ணி ஏத்தற குழாய்ங்க அங்கதான் இருக்கு. சுத்தி பச்சையா இருந்து அந்த வளையத்துல மட்டும் ஆரஞ்சோ பழுப்போ ஒரே ஒரு புள்ளி தெரிஞ்சாலும் அழுகல் அது வழியா மேல போயிட்டு இருக்குன்னு அர்த்தம், "பரவால்ல கொஞ்சூண்டுதான"ன்னு விட்டா ரெண்டு வாரத்துல மொத்தமும் போயிடும். பிளேட துடைச்சுட்டு இன்னும் ரெண்டு விரக்கடை மேல, அப்புறம் இன்னும் மேல, புள்ளியே இல்லாத சுத்தமான முகம் வர்ற வரைக்கும். சில சமயம் கடைசில ஒரு சாண் நுனிதான் மிஞ்சும், அது போதும்.

சுத்தமான முகம் கெடைச்சதும் ஓரத்த பென்சில் சீவற மாதிரி சுத்தி லேசா சரிவா சீவி விடுங்க. காயும்போது நடுப்பகுதி உள்ள சுருங்கும், ஓரம் மட்டும் தூக்கிட்டு நிக்கும், வேர் வர்றதோ நடு வளையத்துல இருந்து, சீவி விட்டா வேர் நேரா மண்ணுல எறங்கும். மேல சாஃப் மாதிரி பூஞ்சைக்கொல்லி பவுடரோ கந்தகத்தூளோ தூவலாம், ரெண்டும் இல்லன்னா சமையல் பட்டைய பொடி பண்ணி தூவுங்க. மஞ்சத்தூளும் நிறைய பேர் போடறாங்க, நான் பவுடரவிட காத்தோட்டத்ததான் நம்புவேன்.

அடுத்தது காயவெக்கறது, அவசரக்காரங்க தோக்கற இடம் இதான். விரல் தடிமன்னா ஒரு வாரம், கை தடிமன்னா ரெண்டு மூணு வாரம், தொடை தடிமன் தூணுக்கு ஒரு மாசம் கூட ஆகும், சென்னை, கடலூர் மாதிரி கடலோர ஊர்ல புழுக்கத்துக்கு இன்னும் கூட ஆகலாம். மழைக்காலமா இருந்தா வீட்டுக்குள்ள வெச்சு ஃபேன போட்டு விடுங்க. நேர் வெயில் வேணாம். படுக்கப் போடாம காலி தொட்டிலயோ பக்கெட்லயோ நிக்க வெச்சு காயவிடுங்க, மாசக்கணக்குல படுத்துக் கெடந்தா நுனி மேல பாத்து வளைஞ்சிடும், வேரும் பக்கவாட்டுல வரும். வெட்டுன எடம் அட்டை மாதிரி காஞ்சு தட்டுனா டொக்குன்னு சத்தம் வந்தா ரெடி.

ஒரு பக்கமா சாயுது

சாயறதுக்கு மூணு காரணம், மூணுக்கும் வைத்தியம் வேற. செடிய நடுவுல புடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க.

தண்டு மண்ணுக்குள்ள லொடலொடன்னு ஆடுதுன்னா வேர் போயிடுச்சு, வேர் அழுகியிருக்கும் இல்ல வேர்ல மாவுப்பூச்சி இருக்கும். வெளில எடுத்துப் பாக்கணும். அடி கெட்டியா இருந்து வேர் மட்டும் போயிருந்தா, செத்த வேரெல்லாம் வெட்டி காயவெச்சு புது மண்ணுல வெச்சா பழைய செடியே பொழைக்கும். அடியும் மெத்துனா மேல சொன்ன எமர்ஜென்சி.

மண்ணோட சேந்து தொட்டியும் ஆடுதுன்னா செடிக்கு ஒண்ணும் இல்ல, தொட்டிக்கு வெயிட் பத்தல, அவ்ளோதான். பிளாஸ்டிக் தொட்டில அஞ்சடி கேக்டஸ் நின்னா அப்டித்தான் ஆகும். கனமான மண் தொட்டிக்கோ சிமெண்ட் தொட்டிக்கோ மாத்துங்க, அடில கருங்கல் ஜல்லி போடுங்க.

ரெண்டுமே ஆடல, தண்டே வளைஞ்சிருக்குன்னா வெளிச்சம் தேடி வளைஞ்சது. தொட்டிய மாசத்துக்கு ஒரு தடவ கால் சுத்து திருப்புனா புது வளர்ச்சி நேராகும், பழைய வளைவு மாறாது. அந்த வளைவு அழகா கூட இருக்கலாம், எனக்கு நேரா நிக்கறத விட கோணலா நிக்கறதுதான் புடிக்கும். ஆனா வளைவு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் பூரா வெயிட் எறங்குதுன்னா, அடுத்த புயலுக்கு முன்னாடி நுனி ரெண்டு அடிய எடுத்துடறது புத்திசாலித்தனம். மாடில இருந்து தெருவுல விழுந்தா செடி போறது பெரிய விஷயமா இருக்காது.

நுனி ஒல்லியாகி வெளிறிடுச்சு, இல்ல நடுவுல உடுக்கை மாதிரி ஒடுங்கியிருக்கு

வெளிச்சம் பத்தாம ஓடுன வளர்ச்சி இது. பக்கத்துல புது பில்டிங் வந்து வெயில் போச்சு, இல்ல வீட்டுக்குள்ள கொண்டு போய் அழகுக்கு வெச்சாங்க, அந்த காலத்துல வளந்த பகுதி ஒல்லியா இருக்கும், அப்புறம் வெயில்ல வெச்சதும் மேல மறுபடி தடிமனாகும், நடுவுல மட்டும் ஒடுக்கம் நின்னுடும். ஒல்லியான பகுதி அப்புறம் பழைய தடிமனுக்கு வராது, எவ்ளோ உரம் போட்டாலும் வராது, உரம் போட்டா இன்னும் நீளமா ஓடும்.

முடிவு எப்படின்னா, நுனி ஒரு சாணுக்குள்ள ஒல்லியா இருக்குன்னா முதல்ல வெளிச்சத்த சரி பண்ணுங்க, வெட்டறத பத்தி அப்புறம் யோசிக்கலாம். வெளிச்சம் சரி பண்ணாம வெட்டுனா புதுசா வர்ற கிளையும் அதே மாதிரி ஒல்லியாதான் வரும், வெட்டுனது வேஸ்ட். ஒடுக்கம் நடுவுல இருந்து மேல கனமான தலை இருக்குன்னா அது ஒடியற இடம், எப்படியும் ஒரு நாள் அங்கதான் ஒடியும், நீங்களே நாள் பாத்து அந்த ஒடுக்கத்துல வெட்டுங்க. அந்த எடத்துல காயம் சின்னதா இருக்கும், சீக்கிரம் காயும். மேல் துண்ட நடும்போது ஒல்லி பகுதி மிச்சம் இருந்தா அத மண்ணுக்குள்ள பொதச்சு மறைக்கலாம்னு தோணும், ஆழமா பொதைக்காதீங்க, நாலு விரக்கடை போதும், மிச்சத்துக்கு ஒரு குச்சி கட்டி விடுங்க.

சுருங்கிப் போச்சு, தண்ணி ஊத்துனாலும் உப்பல

கோடைல விளிம்பெல்லாம் மடிஞ்சு ஒல்லியாகறது சகஜம், தாகம். நல்லா முழுசா தண்ணி ஊத்துனா ஒரு வாரத்துக்குள்ள பழையபடி உப்பணும். கேக்டஸ் ராத்திரிலதான் மூச்சுத் தொளைய தொறக்கும், அதனால வெயில் எறங்குனதுக்கு அப்புறம் ஊத்தறது நல்லது. ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் உப்பலன்னா தண்ணி குடிக்க வேர் இல்லன்னு அர்த்தம், இப்பதான் நிறைய பேர் இன்னும் ஊத்தி ஊத்தி கொல்றாங்க.

தொட்டிய சாச்சு செடிய வெளிய எடுங்க. பத்து வருஷ மண்ணு கட்டாந்தரையா இறுகியிருக்கும், ஊத்துன தண்ணி ஓரமா ஓடி ஓட்டை வழியா போயிருக்கும், நடு வேருக்கு போயே இருக்காது. சில தொட்டில ஓட்டையே வேர் அடைச்சிருக்கும். வேர் வெளுப்பா கெட்டியா இருந்தா பழைய செடிய தாராளமா வெச்சுக்கலாம், மண்ணுதான் பிரச்சனை. பழைய மண்ண குச்சி வெச்சு உதுத்துட்டு, செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, செங்கல் ஒடைச்ச குருணை ஒரு பங்கு, கொஞ்சம் மக்குன தொழுவுரம், இவ்ளோ போதும். ஆத்து மணல் கெடைக்கலன்னா எம் சாண்ட் போடலாம், ஆனா நல்லா அலசி தூசிய எடுத்துட்டு போடுங்க, அந்த தூசி சிமெண்ட் மாதிரி இறுகிடும். கோகோபீட் நெறைய போட்ட ரெடிமேட் மிக்ஸ் பெரிய கேக்டஸுக்கு ஆகாது, மழைக்காலத்துல வாரக்கணக்குல ஈரம் புடிச்சு வெச்சிருக்கும். பழைய தொட்டிய விட ரெண்டு இஞ்ச் பெருசு போதும். மாத்துனதும் உடனே தண்ணி ஊத்தாதீங்க, ஒரு வாரம் போகட்டும், அறுந்த வேர் ஆறணும்.

வேர்ல வெள்ளை பவுடர் மாதிரி திட்டு திட்டா இருந்தா மாவுப்பூச்சி. மண்ண முழுசா அலசி விட்டு, அந்த மண்ண வேற எந்த செடிக்கும் போடாம தூக்கிப் போட்டுடுங்க.

செடி நல்லாதான் இருக்கு, இடம்தான் பத்தல

சன்ஷேட இடிக்குது, கரண்ட் வயர் கிட்ட போகுது, மாடிப்படி வழிய அடைக்குது. இது பிரச்சனை இல்ல, சாய்ஸ். அதனால நேரம் எடுத்துக்கோங்க. தமிழ்நாட்டுக்கு தை கடைசில இருந்து பங்குனி வரைக்கும் நல்ல நேரம், காயம் சீக்கிரம் காயும், வேர் விட வேண்டிய சூடும் இருக்கும். கத்திரி வெயில்ல வெட்டலாம், ஆனா கட்டிங் நிழல்ல இருக்கணும். ஐப்பசி கார்த்திகைல கைய வெக்காதீங்க. வயர தொடற உயரத்துல இருந்தா நீங்க வெட்டவே வேணாம், மின்வாரியத்துல சொல்லுங்க, பச்சைத் தண்டு பூரா தண்ணிதான்.

எங்க வெட்டறது? மரம் கட்டாத பச்சை பகுதில. மரம் கட்டுன பகுதி வேர் விடறது கஷ்டம். கட்டிங் ஒண்ணு ஒண்ணரை சாண்ல இருந்து ரெண்டு அடி வரைக்கும் இருக்கலாம், அதுக்கு மேல போனா குச்சி கட்டாம நிக்காது. வெட்டறதுக்கு முன்னாடி மேற்கு பாத்த பக்கத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, நடும்போது அதே பக்கம் மேற்குல வெச்சா வெயில் கருகாது.

இப்ப முக்கியமான விஷயம், அடிக்கட்டைய தூக்கிப் போடாதீங்க. எல்லாரும் அழகான நுனிய நட்டுட்டு அசிங்கமான கட்டைய எறியறாங்க, ஆனா பத்து வருஷ வேர் அந்த கட்டைக்குத்தான இருக்கு. வெட்டுன வாய்க்கு கிட்ட இருக்கற முள்ளு மெத்தைங்கள்ல இருந்து ஒண்ணு ரெண்டு மாசத்துல ரெண்டு மூணு குருத்து வரும், புதுசா நட்ட நுனி மண்ணுல வேர் தேடிக்கிட்டு இருக்கும்போது இது முழங்கை அளவுக்கு வளந்து நிக்கும். கட்டைய வெட்டும்போது மட்டும் லேசா சாய்ச்சு வெட்டுங்க, மழைத்தண்ணி மேல தேங்காம வழியணும். பத்து குருத்து வந்தா பத்தையும் விடாதீங்க, எதிரெதிரா ரெண்டு மூணு விட்டுட்டு மத்தத சின்னதுலயே கிள்ளிடுங்க, இல்லன்னா அஞ்சு வருஷத்துல மறுபடி இதே பஞ்சாயத்து.

எத்தனை கட்டிங் போடறது? ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. ஒரு தூண வெட்டுனா எட்டு துண்டு வரும், எட்டையும் நட்டா எட்டும் புடிச்சிக்கும், அப்புறம் சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் கேக்டஸ் தூக்கிட்டு அலையணும், ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. அடி கெட்டியா இருக்கற செடிக்கு ஒரே ஒரு கட்டிங் காப்பீடு மாதிரி போட்டு வெச்சா போதும்.

வெள்ளையா பஞ்சு ஒட்டியிருக்கு

நகத்தால ஒண்ண நசுக்கிப் பாருங்க. சப்பாத்திக்கள்ளில இருந்து ரத்தச் சிவப்பா சாயம் வந்தா அது காக்கினீல், சாயப்பூச்சி. மத்த கேக்டஸ்ல அந்த மாதிரி சிவப்பு வராம மாவா நசுங்குனா சாதா மாவுப்பூச்சி. மாவுப்பூச்சிக்கு ஸ்பிரிட்ல நனைச்ச பட்ஸ் வெச்சு தொட்டு எடுங்க, வேப்பெண்ணெய் சோப்பு தண்ணி அடிங்க, செடிய வெச்சுக்கலாம். காக்கினீலுக்கு முதல்ல ஹோஸ் பைப்ல வேகமா தண்ணி பீச்சி அடிச்சு விடணும், பஞ்சுப் போர்வை இருக்கற வரைக்கும் மருந்து உள்ள போகாது. ரெண்டு மூணு மடல்ல மட்டும் இருந்தா அந்த மடலயே கணுல ஒடிச்சு எடுத்துடுங்க. செடி பூரா வெள்ளையா இருந்தா காப்பாத்தறத மறந்துட்டு சுத்தமான ஒரு மடல தேடி அத தனியா, தூரமா நடுங்க.

இந்தப் பூச்சி லேசுப்பட்டது இல்ல. சாயத்துக்காக 1795ல பிரேசில்ல இருந்து கல்கத்தாவுக்கு கொண்டு வந்தாங்க, அந்த காலத்துல சென்னை சைதாப்பேட்டைல டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதுக்குன்னே கள்ளித் தோட்டம் வெச்சிருந்தாரு. வந்தது நெனச்ச பூச்சி இல்ல, மட்டமான சாயம் தர்ற வேற இனம், ஆனா ஒரு வகை கள்ளிய மேஞ்சு தீத்துடுச்சு. அப்புறம் 1926ல இன்னொரு காக்கினீல் இனத்த இலங்கைல இருந்து தென்னிந்தியாவுக்கு கொண்டு வந்தது சாயத்துக்கே இல்ல, காடு மாதிரி பரவியிருந்த சப்பாத்திக்கள்ளிய அழிக்கறதுக்குத்தான், அதையும் பண்ணிக் காட்டுச்சு. ஏக்கர் ஏக்கரா அழிச்ச பூச்சி உங்க ஒத்தைச் செடிய விடும்னு நம்பி ஒரு வாரம் தள்ளிப் போடாதீங்க.

சப்பாத்திக்கள்ளிய தொடும்போது பெரிய முள்ள விட கண்ணுக்கு தெரியாத குட்டி முடி முள்ளுதான் படுத்தும். துணி கிளவுஸ்ல ஏறுனா அந்த கிளவுஸையே தூக்கிப் போட வேண்டியதுதான். கைல ஏறிடுச்சுன்னா தேய்க்காதீங்க, டேப் ஒட்டி உரிங்க, இல்ல ஃபெவிக்கால் தடவி காஞ்சதும் உரிச்சு எடுங்க.

உருண்டை கேக்டஸ் பெருத்துடுச்சு, இல்ல குட்டி போட்டு நெரியுது

மஞ்ச முள்ளு வெச்ச கோல்டன் பேரல் தனி கேஸ். இத வெட்டி பெருக்கறது கிடையாது, நடுக்குருத்த குடைஞ்சு குட்டி போட வெக்கற வித்தை இருக்கு, ஆனா அத பழைய செடில பண்றது பாவம், மூஞ்சி போயிடும். மெக்சிகோவுல இதோட பூர்வீக இடத்துல கணிசமான பகுதி 1990கள்ல சிமாபான் அணை கட்டுனப்ப முழுகிடுச்சு, காட்ல அருகிப் போன செடி, நர்சரில மட்டும் விதைல இருந்து லட்சக்கணக்குல வருது. பெருசா வளந்த பேரல் கெட்டியா இருந்தா கேள்வியே கேக்காம வெச்சுக்கோங்க, தொட்டிய மட்டும் மாத்துங்க. பக்கத்துல தானா குட்டி வந்தா எலுமிச்சம்பழ சைஸ் தாண்டுனதும் எடுத்து நடலாம். அடி அழுகுனா மட்டும் தூணுக்கு சொன்ன மாதிரி சுத்தமான முகம் வரைக்கும் வெட்டி காயவெச்சுப் பாருங்க, புடிக்கலாம், கேரண்டி இல்ல.

மம்மிலேரியா மாதிரி கூட்டமா குட்டி போடறதுல நடுவுல தாய் செத்து ஓரம் மட்டும் பச்சையா இருக்கும். அத கூட்டமா காப்பாத்த நெனைக்காதீங்க. ஓரக் குட்டிகள திருகி எடுத்து அஞ்சாறு நாள் காயவெச்சு அகலமான ஆழமில்லாத தொட்டில தள்ளித் தள்ளி நடுங்க.

செகப்புத் தலை மூன் கேக்டஸ் பழசாகி ஆட்டம் காணுது

செகப்புத் தலைல பச்சையமே கிடையாது, கீழ பச்சையா மூணு பட்டையா இருக்கறது டிராகன் ஃப்ரூட் தண்டு, அதுதான் ரெண்டு பேருக்கும் சமைக்குது. தலைய தனியா நட்டா பொழைக்காது. ஒட்டு சில வருஷம்தான் தாங்கும், தலை இன்னும் கெட்டியா இருக்கும்போதே குட்டிய எடுத்து புது டிராகன் ஃப்ரூட் தண்டுல ஒட்டு கட்டணும். அந்த பொறுமை இல்லன்னா தலை போனதும் அடித்தண்ட பெரிய தொட்டில வளக்கலாம், கொடியா ஓடும்.

இவ்ளோ வயசாகியும் பூக்கல, இல்ல பூத்தும் காய்க்கல

பூக்கலன்னா பெரும்பாலும் வெயில் பத்தல. செரியஸ் ராத்திரி பூத்து காலைல வாடிடும், அதனால பூத்ததே தெரியாம போறதும் உண்டு, தண்டுல காஞ்ச காம்பு தொங்குதான்னு பாருங்க. பூக்கற வயசு வந்த செடில இருந்து எடுத்த கட்டிங் விதைச்செடிய விட ரொம்ப சீக்கிரம் பூக்கும், அதனால பூ வேணும்னு பழச தூக்கிப் போட்டுட்டு நர்சரில குட்டிச்செடி வாங்கறது தலைகீழ் வேலை. இருக்கற செடியோட நுனிய வெட்டுனா மட்டும் அடுத்த ஒண்ணு ரெண்டு சீசன் பூ கொறையலாம், பூ முக்கியம்னா பூக்கற கிளைய விட்டுட்டு மத்தத எடுங்க.

பூத்தும் காய் நிக்கலன்னா, செரியஸ் பெரும்பாலும் தன்னோட மகரந்தத்த ஏத்துக்காது. அதே செடில இருந்து பத்து கட்டிங் போட்டு பக்கத்துல பக்கத்துல வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, பத்தும் ஒரே ஆள். வேற எடத்துல இருந்து வந்த, வேற செடியோட கட்டிங் ஒண்ணு வேணும், கட்டிங் மாத்திக்க இத விட நல்ல சாக்கு கெடைக்காது.

வெட்டி நட்டாச்சு, இப்ப என்னமோ சரியில்ல

ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணுமே நடக்கலன்னா அது நார்மல். பிடுங்கிப் பிடுங்கி பாக்காதீங்க, முளைக்கற வேர் அறுந்துடும். லேசா ஆட்டும்போது மண்ணு புடிச்சுக்கற மாதிரி இருந்தா, இல்ல நுனில புதுசா வெளிர் பச்சை தெரிஞ்சா வேர் வந்தாச்சு, அப்பதான் முதல் தண்ணி. அது வரைக்கும் கட்டிங் கொஞ்சம் சுருங்கும், சுருங்கட்டும், அந்த தாகம்தான் வேர தள்ளும். மூணு மாசம் தாண்டியும் அசையலன்னா எடுத்து அடிய பாருங்க, காஞ்சு கெட்டியா இருந்தா திரும்ப வைங்க, மெத்துனா மறுபடி சுத்தமா வெட்டி முதல்ல இருந்து.

கட்டைல குருத்து வராம வாய் மட்டும் கருப்பாகி உள்ள எறங்குதுன்னா மழைத்தண்ணி தேங்கியிருக்கு, இன்னும் ரெண்டு விரக்கடை கீழ சாய்ச்சு வெட்டி மேல ஓடு மாதிரி எதாச்சும் மூடி போடுங்க. குருத்து வந்து காத்துல ஒடிஞ்சா கவலை வேணாம், பக்கத்து மெத்தைல இருந்து இன்னொண்ணு வரும்.

மிஞ்சுன துண்டுங்கள பக்கத்து காலி மனைல வீசாதீங்க. சப்பாத்திக்கள்ளி ஒரு மடல் விழுந்தாலே வேர் விட்டுடும், ஆடு மாடு மேயற எடத்துல, புள்ளைங்க வெளையாடற எடத்துல முள்ளுப்பொதர் ஆயிடும். துண்டு துண்டா நறுக்கி மாடில சிமெண்ட் தரைல பரப்பி சித்திரை வெயில்ல சக்கையா காயவிடுங்க, அப்புறம் சாக்குல கட்டி, குப்பை எடுக்க வர்றவங்ககிட்ட உள்ள முள்ளு இருக்குன்னு சொல்லிக் குடுங்க.